வீரமும் பூரமும்

புதன்கிழமை காலை, ஒரு வக்கீல் வீட்டுப் பெயர்ப் பலகையில் ‘வீ’ என்ற எழுத்தைக் கீறிக்கொண்டிருந்தபோது தேவகனியின் கை பாதியில் நின்றுவிட்டது.

இராஜாக்கமங்கலம் சாலையில் இருந்த செல்வதாஸின் பீங்கான் பட்டறையில் எழுத்து வேலை முழுவதும் அவளுடையது. செல்வதாஸ் பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் கூழை ஊற்றுவார். அச்சு ஈரத்தைக் குடித்துச் சுவரோடு மண் பிடித்ததும், நடுவில் நிற்கும் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சின் இரண்டு பாதிகளையும் பிரிப்பார். உள்ளே பரணி என்கிற ஜாடி நிற்கும். எடுத்தால் நெளியாமலும் நகம் பட்டால் பதிகிற மாதிரியும் அது காய்ந்த பிறகு தேவகனியின் மேசைக்கு வரும். மூங்கில் குச்சியில் செருகிய தையல் ஊசியால் அவள் பெயரைக் கீறுவாள். கீறலில் கறுப்புச் சாயத்தை நிரப்பி, ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைப்பாள். மேலே ஒட்டியது போய்விடும், எழுத்துக்குள் இறங்கியது நிற்கும். அதற்குப் பிறகுதான் மெருகும் சூளையும். கல்யாணத்துக்கு முன்பு மிஷன் பங்களாவில் லேஸ் பின்னியவள் அவள். புருஷன் ஜான்ரோஸ் கொழும்பில் துணிக்கடையில் நின்றான். நூலைவிட மெல்லிய கோடு போடுவதில் இந்தப் பக்கத்தில் அவளுக்கு இணை இல்லை என்று செல்வதாஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அருமனையில் வைத்தியசாலை நடத்திய சுயம்பு வைத்தியர் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வந்தார். மருந்துப் புட்டிகளில் ஒட்டிய காகிதத்தைப் பூச்சி தின்றுவிடுகிறது, மண்ணிலேயே பெயர் வெட்டிய பரணி நாற்பது வேண்டும் என்றார். முகத்திலும் பெயர் வேண்டும், மூடியிலும் வேண்டும். அவர் கொடுத்த பட்டியலில் இரண்டு பெயர்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது: வீரம், பூரம். இரண்டும் பாதரசத்தில் பிறந்தவை, பொடித்தால் இரண்டும் ஒரே வெள்ளை. பூரத்தைச் சுத்தி செய்து அளந்து உள்ளுக்குக் கொடுப்பார்கள். வீரம் புண் கழுவுகிற தண்ணீரில் ஒரு துளி போடுவதற்கு. உள்ளே போனால் குடலை அறுத்துவிடும். “இந்த ரெண்டுலயும் எழுத்து நல்லா தெளிஞ்சு நிக்கணும், மக்கா” என்று அவர் தேவகனியிடமே சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. வீரத்தின் மூடியில் மட்டும் அவள் சற்று அகலமாகத் தொடங்கிவிட்டாள். ‘வீ’யின் சுழி மூடியின் குமிழில் போய் இடிக்க, அதை உள்பக்கமாக வளைத்து முடித்தாள். இப்போது பெயர்ப் பலகையில் அதே சுழியை வளைக்கும்போது, திங்கட்கிழமை மத்தியானம் அந்த வளைந்த சுழி தன் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது நினைவுக்கு வந்தது.

அன்று வைத்தியசாலையின் மாட்டுவண்டிகள் வாசலில் காத்து நின்றன. மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டுமென்று வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். சூளையில் வெந்த மூடிகள் கொஞ்சம் கொஞ்சம் கோணியிருந்ததால் ஒவ்வொன்றையும் பரணி வாயில் வைத்து, மணலால் தேய்த்து, ஆடாமல் உட்கார வைத்தாள். கடைசியில் சின்னப் பரணிகள் இரண்டு, ஒரே அச்சில் வந்தவை, மூடி சேரவே இல்லை. மூடிகளை மாற்றி வைத்துப் பார்த்தாள். இரண்டும் அச்சாகப் பொருந்தின. அப்பாடா என்று வைக்கோலுக்குள் இறக்கினாள். அவள் கண் முழுக்க மூடிக்கும் வாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் இருந்தது. பெயரைப் பார்த்தாளா?

அந்தப் பரணியின் முகத்தில் ‘பூ’ இருந்தது போலத் தோன்றியது. பார்த்ததா, இப்போது பயத்தில் தோன்றுகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள்.

செல்வதாஸ் முற்றத்தில் கூழ் கலக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, திங்கக்கிழமை போன பரணியில ரெண்டு மூடி மாறிப் போச்சுன்னு தோணுது.”

“எது ரெண்டு?”

“வீரமும் பூரமும்.”

அவர் கலக்குவதை நிறுத்தினார். “தோணுதா, ஒறப்பா?”

“ஒறப்பில்ல.”

“ஒறப்பில்லாத காரியத்த எப்படிச் சொல்லுகது? நம்ம சாதனத்துல தப்புன்னு நம்மளே போய்ச் சொன்னா, பின்ன எந்த வைத்தியன் இஞ்ச வருவான்? மாறியிருந்தா அவங்களே பாத்து மாத்தி வச்சிருப்பாங்க.”

“பாக்காம மருந்த நிறைச்சிருந்தா?”

“கடுதாசி எழுதுவோம். அஞ்சல்ல போட்டா போவும்.”

“போய்ச் சேர ரெண்டு நாளாவும் அண்ணாச்சி.”

செல்வதாஸ் பட்டறைக்குள் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “தேவகனி, இஞ்ச பதினோரு பேரு கஞ்சி குடிக்கணும். அத நினைச்சியா? நான் உன்னப் போகச் சொல்லல்ல.”

“நீங்க சொல்லல்ல. நான்தான் போறேன்.”

கையில் ஒட்டிய மண்ணைக்கூட முழுதாகக் கழுவாமல் அவள் நாகர்கோவிலுக்கு நடந்தாள். தொடுவெட்டிக்குப் போகும் பஸ்ஸில் பெண்களுக்கான பலகையில் ஓர் இடம் கிடைத்தது. தக்கலையில் பஸ் அரை மணி நேரம் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தான், சக்கரத்தை உதைத்துப் பார்த்தான், திரும்பவும் போய் யாரிடமோ பேசினான். தேவகனி எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பக்கத்தில் இருந்த மீன்காரி, “வயித்துக்குச் சொகமில்லியா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள். திங்களன்று போனவை நேற்று மத்தியானம் அங்கே இறங்கியிருக்கும். இன்று நிறைத்திருப்பார்களா? நல்ல நாள் பார்த்துத்தான் நிறைப்பார்களோ? புதன்கிழமை நல்ல நாளா? வேதக்காரியான அவள் அன்று முதல்முறையாக, இந்தப் புதன் நல்ல நாளாக இருக்கக் கூடாது என்று கர்த்தரிடம் கேட்டாள்.

தொடுவெட்டியிலிருந்து ஒரு ஓலை வண்டி கிடைத்தது. பாதி வழியில் சேற்றில் அது சிக்கிக்கொள்ள, மீதியை நடந்தே கடந்தாள். அருமனையில் வைத்தியசாலையின் படியேறும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

சுயம்பு வைத்தியர் தலைப்பாகையோடு, நெற்றியில் வெண்மண் நாமம் துலங்க, ஒரு நோயாளிக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அவளுடைய பரணிகள். நாற்பது பெயர்களும் கறுப்பாய் அவளைப் பார்த்தன. மேல் தட்டில் வலது ஓரமாக, ஒரு பரணி தள்ளித் தள்ளி, பூரமும் வீரமும் இருந்தன. கீழே நின்று பார்த்தால் முகம் தெரிந்தது. மூடியின் மேல் பக்கம் தெரியவில்லை.

“என்ன மக்கா, இவ்வளவு தூரம்?” என்றார் வைத்தியர்.

“ஆசானே, அந்தப் பூரப் பரணிய ஒண்ணு இறக்கித் தரச் சொல்லுங்க.”

வைத்தியரின் மகன் குமாரதாஸ் முக்காலியில் ஏறி இறக்கிக் கொடுத்தான். முகத்தில் பூரம். மூடியில், குமிழை இடித்து உள்ளே வளைந்த சுழியோடு, வீரம்.

பரணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். “மூடி மாறிப் போச்சு. நான்தான் மாத்தி வச்சேன். மருந்து நிறைச்சது ஆரு?”

மருந்து இடிக்கும் பகவதியப்பன் உள்ளிருந்து வந்தார். இருபது வருஷமாக அங்கே உலக்கை பிடிக்கிறவர், நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்.

“நான்தான் நேத்து சாயங்காலம் நிறைச்சேன். பரணிய வெளிய எடுக்காம வைக்கோலுக்குள்ளயே வச்சு நிறைச்சேன், உடையாம இருக்கட்டும்னு.”

“வைக்கோலுக்குள்ள முகம் தெரியாதே. எந்தப் பேர வாசிச்சீங்க?”

பகவதியப்பன் பரணியைப் பார்த்தார்.

“மூடியத்தான்” என்றார்.

“இண்ணைக்குக் காலையில நான்தான் தட்டுல அடுக்கினேன்” என்றான் குமாரதாஸ். “முகத்தப் பாத்து அடுக்கினேன்.”

வைத்தியர் நோயாளியின் கையை விட்டார். எழுந்து போய் இரண்டு சிப்பிகளில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். “பூரம்னா கறுக்கும். வீரம்னா மஞ்சளாவும்” என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னார். பூரம் என்று எழுதிய பரணியிலிருந்து ஊசிமுனையளவு பொடியை எடுத்து முதல் சிப்பியில் போட்டார். எல்லோரும் குனிந்தார்கள். ஒரு கணம் பொடி வெள்ளையாகவே கிடந்தது. பிறகு அதன் ஓரம் மஞ்சளித்தது. தண்ணீர் முழுவதும் மாம்பழச் சாறு கலந்தது போல ஆயிற்று.

இரண்டாவது சிப்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

“இண்ணைக்கு இதிலேருந்து ஆருக்காவது குடுத்தியா?” வைத்தியர் மகனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“ராஜையனுக்கு. கால்ல ஆறாத புண்ணு. மூணு பொட்டலம்.”

“எப்ப தின்னணும்னு சொன்ன?”

“மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு ஒண்ணு.”

ராஜையன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். வீடு குன்றின் அந்தப் பக்கம், ஒன்றரை மைல். குமாரதாஸ் முன்னால் ஓடினான். வைத்தியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பையில் எதையெதையோ அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். அது நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாது. போகிற வழியில் இரண்டு வீடுகளில் முட்டை கேட்டு வாங்கினார். முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு தேவகனி ஓடினாள். ரப்பர் மரங்களின் கீழே சிரட்டைகளில் காலையில் வெட்டிய பால் உறைந்து கிடந்தது. ஈர இலைகளில் இரண்டு முறை வழுக்கினாள், மடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கஞ்சி இன்னும் ஆகியிருக்காது, அடுப்பு பற்றியிருக்காது என்று ஏதேதோ நினைத்தாள்.

வீட்டை நெருங்குவதற்கு முன்பே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

ராஜையன் வாசலில் கவிழ்ந்து கிடந்தான். அவன் மனைவி லீலாபாய் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். உதடும் நாக்கும் வெந்தது போல வெளுத்திருந்தன. “செம்பு தின்ன மாதிரி இருக்குன்னாரு. பின்ன நெஞ்செல்லாம் எரியுதுன்னாரு. மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்” என்றாள் அவள். மீதி இரண்டு பொட்டலங்களும் ஜன்னல் ஓரத்தில் இருந்தன. குமாரதாஸ் அவற்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து நின்றான்.

வைத்தியர் முட்டைகளை உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் பாலில் அடித்தார். ராஜையனின் தாடையைப் பிடித்து ஊற்றினார். அவன் கக்கினான். மறுபடி ஊற்றினார். மறுபடியும் கக்கினான். தேவகனி உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைக்கருவோடு மஞ்சள் கலந்துவிடாமல் ஓட்டுக்கு ஓடு மாற்றி வடிக்க வேண்டும். பதினோராவது முட்டையில் ஊற்றியது உள்ளே நின்றது.

“பொழைப்பாரா?” லீலாபாய் கேட்டாள்.

“மூத்திரம் போனாத்தான் சொல்லலாம்” என்றார் வைத்தியர். “நாளைக்கு, மறுநாளைக்கு.”

அதற்குப் பிறகுதான் லீலாபாய், மண் அப்பிய விரல்களோடு மூலையில் நின்ற அந்நியப் பெண்ணைக் கவனித்தாள். யார் என்று கேட்டாள். வைத்தியர் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் தேவகனி சொல்லிவிட்டாள். பரணி, மூடி, வண்டிக்காரர்கள், தான் பெயரைப் பார்க்காதது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பகவதியப்பன் வைக்கோலில் வைத்து நிறைத்ததை மட்டும் சொல்லவில்லை. அதை வைத்தியரே சொன்னார்.

லீலாபாய் கத்தவில்லை, சபிக்கவில்லை. புருஷனின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு, “எனக்கு இவர விட்டு எழும்ப முடியாது. ரெண்டு பிள்ளைங்க பசிச்சுக் கிடக்கு. கிணத்துக்கு இறங்கி வெள்ளம் கோரணும். நீ இஞ்ச நிப்பியா?” என்று கேட்டாள்.

“நிப்பேன்.”

தேவகனி அங்கே எட்டு நாள் நின்றாள். தண்ணீர் இறைத்தாள், கஞ்சி வைத்தாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், ராஜையன் அழுக்காக்கிய துணிகளை ஓடையில் அலசினாள். லீலாபாய் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாளும் இரண்டாம் நாளும் ராஜையனுக்கு மூத்திரம் இறங்கவில்லை. முகம் ஊதியது. ஈறுகளிலிருந்து ரத்தம் கசிந்தது. வைத்தியர் காலையும் மாலையும் வந்து நாடி பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மத்தியானம், தேவகனி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, லீலாபாய் ஒரு மண்சட்டியோடு உள்ளேயிருந்து வந்தாள். சட்டியின் அடியில் ஒரு உழக்குக்கும் குறைவாக, கலங்கலாக இருந்தது. அதைத் தேவகனியிடம் காட்டிவிட்டு, சட்டியை இறக்காமலே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதாள். தேவகனியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் செல்வதாஸ் வைத்தியசாலைக்கு வந்தார். வைத்தியர் சொல்லியனுப்ப, தேவகனி போனாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

“நான் கடுதாசிதான் எழுதினேன்” என்றார். “இண்ணைக்குக் காலையிலதான் அது இஞ்ச வந்திருக்கு. ஆசான் காட்டினாரு.”

அஞ்சல் முத்திரை விழுந்த அந்தக் கடிதம் வைத்தியரின் மேசைமேல் பிரிக்காமல் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

“பரணியெல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிடுதேன், ஆசானே” என்றார் செல்வதாஸ்.

“எதுக்கு? முப்பத்தெட்டு நல்லாத்தானே இருக்கு” என்றார் வைத்தியர். “தப்பு உங்களுக்கு மட்டும் உள்ளதில்ல. எனக்க வீட்டுல ஒருத்தன் மூடிய வாசிச்சான், ஒருத்தன் முகத்த வாசிச்சான். நான் ரெண்டையும் வாசிக்கல்ல. வெள்ளப் பொடிய நான் ஒருதடவை சுண்ணாம்புல போட்டுப் பாத்திருக்கணும்.” மேல் தட்டை நிமிர்ந்து பார்த்தார். “ஆனா வீரத்துக்கு இந்தப் பரணி ஆவாது. வேற வேணும்.”

“எப்படி வேணும்?” என்று கேட்டார் செல்வதாஸ்.

தேவகனி சொன்னாள். இந்த ஐந்து நாளும் இரவும் பகலும் அவளுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. “உருண்டையா வேண்டாம் அண்ணாச்சி. எட்டுப் பட்டையா தனி அச்சு எடுப்போம். மூடியும் எட்டுப் பட்டை. அந்த மூடி வேற ஒண்ணுலயும் சேராது, வேற மூடி அதுல சேராது. எழுத்த ஊசியால கீற வேண்டாம். அச்சுலயே இடவலமா திருப்பிக் குடைவேன். வார்த்து எடுத்தா எழுத்து எழும்பி நிக்கும். பாக்கலன்னாலும் கை அறியும்.”

பட்டறைக்குத் திரும்பியதும் அவள் அந்த அச்சில்தான் உட்கார்ந்தாள். பிளாஸ்டர் இளகியிருக்கும்போதே குடைய வேண்டும்; காய்ந்தால் பொடியும். பெயரை இடம் வலமாகத் திருப்பி, மெல்லிய காகிதத்தில் எழுதி, பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு ஒவ்வொரு எழுத்தாக உளியிறக்கினாள். முதல் அச்சில் ‘ர’வின் கால் உடைந்தது. எறிந்தாள். இரண்டாவதில் எழுத்து ஆழம் போதாமல், வார்த்தது மழுங்கி வந்தது. அதையும் எறிந்தாள். செல்வதாஸ் பக்கத்திலேயே நின்று, கேட்காமலே புதிய பிளாஸ்டர் கலந்து கொடுத்தார். நான்காவது அச்சிலிருந்து பிரிந்து வந்த பரணியில் வீரம் புடைத்து நின்றது. விரலால் தடவினாலே தெரிந்தது. மூடியை வைத்தாள். பட்டைக்குப் பட்டை உட்கார்ந்தது. பிறகு பட்டறையில் இருந்த எல்லா உருண்டைப் பரணிகள் மேலும் அந்த மூடியை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் சேரவில்லை.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று பகவதியப்பன் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்ட கண்களோடே தலையை ஆட்டினார். குமாரதாஸ் அதைத் தட்டில் வைக்கவில்லை. கீழே, பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்தான். அந்த வருஷமே பக்கத்து ஊர் வைத்தியர்கள் மூன்று பேர் அதே எட்டுப் பட்டைப் பரணியைக் கேட்டு வந்தார்கள்.

ராஜையன் மறுபடி கத்தி எடுத்து ரப்பர் மரத்துக்குப் போனது மாசி மாதத்தில். பழைய ஆள் இல்லை. நூறு மரம் வெட்டிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவான், உப்பு சேர்க்கக் கூடாது. தேவகனி மாதம் ஒருமுறை தொடுவெட்டி பஸ்ஸில் போய் அவர்களைப் பார்த்து வந்தாள். அவன் ஒருநாளும் அவளோடு பேசவில்லை. அவள் வந்தால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவான். லீலாபாய் மட்டும் பாய் எடுத்துப் போடுவாள்.

“அவருக்குப் பேச்சு வர இன்னும் நாளாவும்” என்றாள் ஒருமுறை, பலாக்கொட்டை உரித்துக்கொண்டே. “நீ வராம இருக்காத.”

தேவகனி ஒரு கைப்பிடி கொட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள்.